எறியப்பட்டவற்றின் இசை

ஓர் இசையை வெறுத்து ஒதுக்க விரும்புவோர் பெரும்பாலும் இரண்டு சொற்களையே எடுத்தாளுவர். ஒன்று, "இரைச்சல்", மற்றொன்று, "இயந்திரம்". இன்று கல்யாண மண்டபத்திலும், தூரப் பயண பஸ் வண்டியிலும், பிள்ளைகளின் காதிலே செருகியிருக்கும் சிறு கருவியிலும் ஓயாது அடித்துக்கொண்டிருக்கும் இலத்திரனியல் நடன இசையைப் பற்றி நம் வீட்டுப் பெரியோர் கூறும் குறைகள் யாவும் இவ்விரு சொற்களுள் அடங்கிவிடும். பாட்டிலே பொருள் இல்லை என்பர். இராகம் இல்லை என்பர். நெஞ்சிலே உலக்கை போட்டாற்போல் இடிக்கின்றது என்பர். நாதசுரமும் தவிலும் கேட்டு வளர்ந்த செவிக்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே.

ஆனால், இந்த இசையை விரும்பிக் கேட்கும் இளைஞருக்கும் அதே ஐயம் உண்டு என்பதை என் வகுப்பறையிலே அறிந்தேன். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், பெட்டிதானே அடிக்குது, இதிலை மனுசருக்கு என்ன வேலை?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நான் வரலாறு கற்பிப்பவன், இசையாசிரியன் அல்லன். ஆதலின் அக்கேள்விக்கு இசை இலக்கணத்தால் விடை கூற முற்படாது, இந்த இசை எங்கே, எவரிடத்தே, எந்த நிலையிலே பிறந்தது என்று தேடிப் பார்த்தேன். தேடியபோது கண்ட உண்மை சுவையானது. இயந்திரம் பெற்ற பிள்ளை என்று நாம் எண்ணும் இந்த இசை, உண்மையிலே, பிறர் வேண்டாம் என்று எறிந்த மனிதரும், எறிந்த கட்டடமும், எறிந்த இசைத்தட்டும், எறிந்த கருவியும் ஒன்றுகூடிப் பெற்ற பிள்ளையாகும்.

இசைத்தட்டுக்களின் நூலகம்

கதை டிஸ்கோவிலிருந்து தொடங்குகின்றது. "டிஸ்கோதேக்" என்பது பிரெஞ்சுச் சொல். நூலகத்தைக் குறிக்கும் சொல்லைப் பார்த்து, இசைத்தட்டுக்களின் நூலகம் என்ற கருத்திலே அமைந்தது. வாத்தியக்காரரை அழைத்துக் கூலி கொடுக்காமல், இசைத்தட்டைச் சுழலவிட்டு ஆடும் இடம் என்பதே அதன் பொருள். பாரிஸ் நகரிலே தோன்றிய இவ்வழக்கம் அத்திலாந்திக் கடலைத் தாண்டி நியூயோர்க் நகரை அடைந்தது.

1970ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள், டேவிட் மன்குசோ என்பவர் தாம் குடியிருந்த இடத்துக்கு நண்பர்களை அழைத்து இரவு முழுவதும் இசைத்தட்டுப் போட்டார். அவர் குடியிருந்தது புரோட்வே வீதியிலே, தொழில்கள் பெயர்ந்துபோய் வெறுமை கொண்டிருந்த பழைய கட்டடங்களுள் ஒன்று. மதுபானம் விற்கப்படவில்லை, பழரசமும் சிற்றுண்டியும் இருந்தன. வந்தவர்கள் யார்? கறுப்பினத்தவர், ஸ்பானிய மொழி பேசும் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர், தம் பாலினத்தாரையே விரும்புவோர் என்று மற்றைய நடனசாலைகளின் வாயிலிலே திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அக்காலத்தில் நியூயோர்க்கிலே ஆடவர் இருவர் சேர்ந்து ஆடுவதே பொலிசாரை அழைக்கும் குற்றமாகக் கருதப்பட்டது. அத்தகையோர் அச்சமின்றி ஒன்றுகூட ஓர் இடம் வேண்டியிருந்தது. டிஸ்கோவின் முதல் தேவை பாட்டன்று. கதவு திறந்திருக்கும் ஒரு வீடு.

பிற்காலத்தில் திரைப்படங்களிற் கண்ட மினுமினுப்பான உடையையும் சுழலும் கண்ணாடிப் பந்தையும் கொண்டு டிஸ்கோவை எடைபோடுவோர் இந்த ஆரம்பத்தை மறந்துவிடுகின்றனர்.

நான்கும் சமமான அடி

டிஸ்கோவின் உயிர் அதன் தாளத்தில் உள்ளது. நம் ஆதி தாளத்தை எண்ணிப் பாருங்கள். அதன் எட்டு எண்ணிக்கையிலே தட்டு உண்டு, விரல் உண்டு, வீச்சு உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு மதிப்பு. கைவிரலைப் பார்த்தே பாடகர் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். டிஸ்கோவின் தாளமோ நான்கு எண்ணிக்கை கொண்டது; நான்கிலும் பெருமுரசு ஒரே கனத்துடன் விழும். எடுப்பு இது, முடிப்பு இது என்ற உயர்வு தாழ்வு கிடையாது. பிலடெல்பியா நகரத்து முரசு வித்துவானாகிய ஏர்ல் யங் என்பவர் 1973ஆம் ஆண்டுப் பதிவொன்றிலே இவ்வாறு நான்கு அடியையும் சமமாக மிதித்து, இடைவெளிகளிலே கைத்தாளம் போன்ற தட்டை ஒலிக்கச் செய்தார். அதுவே டிஸ்கோ அடிக்கு முன்மாதிரி என்று பலரும் ஒப்புவர்.

தாளம் தெரியாதவனும் அதற்கு ஆடலாம், எங்கிருந்தும் சேர்ந்துகொள்ளலாம், பிந்தி வந்தவன் என்று எவனும் இல்லை. இந்த எளிமையைக் குறை என்று கூறுவோர் உளர். எனக்கோ, பல வாயில்களிலே திருப்பி அனுப்பப்பட்ட மக்கள் தமக்கென ஒரு தாளத்தைத் தேர்ந்தெடுத்தபோது எல்லா அடியும் சமமாயுள்ள தாளத்தைத் தேர்ந்தது பொருத்தமாகவே படுகின்றது.

ஆடுவோருக்கு ஒரு குறை இருந்தது. சாதாரணச் சிறு இசைத்தட்டு மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். கால் சூடேறும்போது பாட்டு நின்றுவிடும். டொம் மோல்டன் என்பவர் பாட்டுக்களை வெட்டி ஒட்டி நீளமாக்கும் கலையிலே முன்னோடி. ஒருநாள் அவருடைய பதிவை வெட்ட வேண்டிய பொறியியலாளரிடம் ஏழு அங்குல வெற்றுத்தட்டு தீர்ந்துபோயிற்றாம். கையிலிருந்த பெரிய தட்டிலே வெட்டினர். வரிகள் அகன்று அமைந்தமையால் ஒலி முன்னரிலும் உரமாயும் ஆழமாயும் எழுந்தது. தட்டுத் தட்டுப்பாட்டினால் நேர்ந்த இச்செயலே பன்னிரண்டு அங்குல நடனத் தட்டுக்கு வித்தாயிற்று. 1976இல் அது கடைகளிலும் விற்பனைக்கு வந்தது. நீண்ட பாட்டு, கனத்த அடி, இடையறாத ஆட்டம் ஆகிய மூன்றும் இவ்வாறு சேர்ந்தன.

மியூனிக் நகரிலே ஒரு சோதனை

இயந்திரம் இந்தக் கதைக்குள் நுழைந்தது ஜேர்மனியின் மியூனிக் நகரிலேயாகும். வட இத்தாலியின் மலைப்பகுதியிலே 1940இல் பிறந்த ஜோர்ஜியோ மொறோடரும், ஆங்கிலேயராகிய பீற் பெலொற்றும் அங்கே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திலே உழைத்தனர். அவர்களுடன் பாடியவர் டொனா சமர் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. 1977இல் அவர்கள் ஓர் இசைத்தொகுதி செய்தனர். அதிலுள்ள பாட்டுக்கள் கடந்த காலங்களின் இசைப் பாணிகளை நினைவூட்டுவன. இறுதிப் பாட்டு மட்டும் வருங்காலத்தின் ஒலியாக அமையவேண்டும் என்று எண்ணினர். அதுவே "ஐ பீல் லவ்".

வருங்காலத்தின் ஒலிக்கு வாத்தியக்காரர் வேண்டாம் என்று தீர்மானித்து, "மூக்" என்னும் பெயருடைய, அலுமாரி அளவான சின்தசைசர் ஒன்றைப் பயன்படுத்தினர். அது சிறிது நேரத்திலே சுருதி கலைந்துவிடும். ஆகவே துண்டு துண்டாகப் பதிந்து, மீண்டும் சுருதி சேர்த்து, மீண்டும் பதிந்தனர். கீழ்ச்சுரத்தின் ஒவ்வோர் ஒலியையும் ஒரு கணம் பிந்தி எதிரொலிக்கச் செய்தபோது, குதிரைப் பாய்ச்சல் போன்ற ஓட்டம் பிறந்தது. பெருமுரசின் அடியை மட்டும் அக்கருவியால் திருப்தியாக எழுப்ப இயலவில்லை. அதனை ஒரு மனிதரே காலால் மிதித்தார். முழுவதும் இயந்திரம் என்று புகழப்பட்ட அப்பாட்டின் இதயத்துடிப்பு மனிதக் காலினுடையது என்பதைக் கவனிக்க. அதன் மேலே டொனா சமரின் குரல் ஆகாயத்திலே மிதப்பதுபோல் ஒலிக்கும். அப்பாட்டைக் கேட்ட பிரையன் ஈனோ என்னும் இசைவாணர், பேர்லினிலே பதிவு வேலையில் ஈடுபட்டிருந்த டேவிட் போவியிடம் தட்டுடன் ஓடிச் சென்று, வருங்காலத்தின் ஒலியைக் கேட்டுவிட்டேன் என்று கூறியதாக போவி பின்னர் நினைவுகூர்ந்தார்.

அதே ஆண்டிலே டுசல்டோர்ப் நகரத்துக் கிராப்ட்வேர்க் குழுவினர் ஐரோப்பியப் புகைவண்டிப் பயணத்தை முற்றிலும் இலத்திரனியல் ஒலியிலே இசைத்தனர். ஜேர்மனியப் புகைவண்டியின் கடகட ஒலி அமெரிக்கக் கறுப்பின இளைஞரின் காதுக்கு இனித்தது. இதனை எவரும் எதிர்பார்த்ததில்லை.

சிக்காகோவிலே எரிந்த தட்டுக்கள்

1977ஆம் ஆண்டின் இறுதியிலே வந்த ஒரு திரைப்படம் டிஸ்கோவை உலகெங்கும் பரப்பிற்று. பணம் பெருகியது, பணம் பெருகியதும் சரக்குத் தாழ்ந்தது. ஒரே அச்சிலே வார்த்த பாட்டுக்களைக் கம்பனிகள் கொட்டிக் குவித்தன. வானொலி நிலையங்கள் றொக் இசையைக் கைவிட்டு டிஸ்கோவுக்கு மாறின. அப்படி மாறிய சிக்காகோ நிலையம் ஒன்றிலே வேலை இழந்தவர் ஸ்டீவ் டால் என்னும் அறிவிப்பாளர். வேறு நிலையத்திலே சேர்ந்த அவர் டிஸ்கோவைப் பரிகசிப்பதையே தம் நிகழ்ச்சியின் சுவையாக்கினார்.

1979ஆம் ஆண்டு யூலை 12ஆம் நாள், சிக்காகோவின் கொமிஸ்கி விளையாட்டரங்கிலே டெற்றோயிற் குழுவுடன் ஒரே மாலையில் இரண்டு பேஸ்போல் ஆட்டங்கள் நடப்பதாயிருந்தன. டிஸ்கோ இசைத்தட்டொன்றைக் கொண்டுவருவோருக்கு அனுமதிக் கட்டணம் 98 சதம் மட்டும் என்று விளம்பரம் செய்தனர். ஏறத்தாழ 50,000 பேர் திரண்டனர். இரண்டு ஆட்டங்களுக்கும் இடையிலே தட்டுக்களைப் பெட்டியிலே குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். மறுகணம் ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குட் பாய்ந்தனர், தீ மூட்டினர், நிலத்தைக் கிளறினர். கலகம் அடக்கும் பொலிசார் வந்தே அவர்களைக் கலைத்தனர். இரண்டாவது ஆட்டம் நடைபெறவில்லை; வெற்றி டெற்றோயிற்றுக்கு வழங்கப்பட்டது.

அன்று அரங்கிலே இருக்கை காட்டும் வேலை செய்துகொண்டிருந்தான் வின்ஸ் லோறன்ஸ் என்னும் கறுப்பினச் சிறுவன். ஒரு சின்தசைசர் வாங்குவதற்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தவன் அவன். மக்கள் கொண்டுவந்து போட்ட தட்டுக்களிலே டிஸ்கோ மாத்திரமன்றிக் கறுப்பினப் பாடகர்களின் வேறு தட்டுக்களும் கிடந்ததைக் கண்டதாக அவர் பெரியவரான பின் பலமுறை கூறியுள்ளார். டால் தம் நோக்கத்திலே இனப்பகை எள்ளளவும் இல்லை என்றே தொடர்ந்து கூறிவந்தார். ஒருவருடைய உள்ளத்துக்குள் நுழைந்து பார்க்க நம்மால் இயலாது. ஆனால், வெடிவைத்தவரின் நோக்கம் வேறு, பார்த்துக்கொண்டு நின்ற சிறுவனின் நெஞ்சிலே பட்டது வேறு. வரலாறு இரண்டையும் குறித்துக்கொள்ளவேண்டும்.

அதன்பின் கம்பனிகள் டிஸ்கோ என்ற சொல்லையே கைவிட்டன. வானொலிகள் மீண்டும் மாறின. டிஸ்கோ செத்தது என்று பத்திரிகைகள் எழுதின.

பண்டகசாலைக்குள்

டிஸ்கோ செத்ததாகச் சொன்ன அதே சிக்காகோ நகரிலே, தெற்கு ஜெபர்சன் வீதியிலே, ஒரு பழைய தொழிற் கட்டடத்தில் சனிக்கிழமை இரவுகளிலே அது உயிருடன் இருந்தது. அவ்விடத்தை நடத்தியவர் றொபேட் வில்லியம்ஸ். இசைத்தட்டுப் போட அவர் முதலில் அழைத்தவர் லரி லெவன். லெவனுக்கு நியூயோர்க்கை விட்டுப் பெயர மனமில்லை. ஆகவே 1977இல் லெவனின் நண்பர் பிராங்கி நக்கிள்ஸ் சிக்காகோ சென்றார். நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியிலே 1955இல் பிறந்தவர் அவர். பண்டகசாலையைக் குறிக்கும் "வெயார்ஹவுஸ்" என்னும் ஆங்கிலச் சொல்லே அவ்விடத்தின் பெயராயிற்று. அங்கும் மது விற்கப்படவில்லை. அங்கும் வந்தவர்களிற் பெரும்பாலார் கறுப்பினத்தவர். தம் பாலினத்தாரை விரும்புவோர். வீட்டிலும் கோயிலிலும் தெருவிலும் தலைகுனிந்து வாழ்ந்தவர்கள்.

நக்கிள்சுக்கு ஓர் இடர் வந்தது. புதிய டிஸ்கோத் தட்டுக்களின் வரவு சுருங்கிப்போயிற்று, ஆடுவோரோ கலையவில்லை. கையிலிருந்த பழைய பாட்டுக்களையே அவர் ஒலிப்பதிவு நாடாவிலே பதிந்து, சவர அலகால் வெட்டி, ஆட்டத்துக்கு உகந்த பகுதியை மாத்திரம் நீளமாக ஒட்டினார். அடி போதாத இடத்திலே இயந்திர முரசின் அடியைக் கீழே சேர்த்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த இலத்திரனியல் தட்டுக்களையும் பிலடெல்பியாவின் கனிந்த குரல்களையும் ஒரே ஓட்டத்திலே இணைத்தார். இசைத்தட்டுக் கடைகளுக்குச் சென்ற இளைஞர், வெயார்ஹவுசிலே கேட்ட பாட்டு வேண்டும் என்று கேட்கலாயினர். பெயரின் முன்பாதி தேய்ந்து "ஹவுஸ்" மட்டும் எஞ்சிற்று என்பர். இவ்வாறு ஓர் இசை வகைக்குப் பெயர் வந்தது.

மாணவன் கேட்ட கேள்விக்கு விடையின் ஒரு பாதி இங்கே உள்ளது. பெட்டி அடிக்கிறது உண்மையே. ஆனால், எந்த அடியை எப்போது போடுவது என்று தீர்மானித்தவர், இரவு முழுவதும் ஆடுவோரின் காலையும் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர். கோயில் வீதியிலே சனத்தின் முகம் பார்த்து மல்லாரியை நீட்டும் நாதசுர வித்துவானுக்கு இருக்கவேண்டிய அதே கண் அவருக்கும் இருந்தது.

விலைபோகாத கருவிகள்

இனிக் கருவிகளைப் பார்ப்போம். 1972இல் ஒசாக்கா நகரிலே ரோலண்ட் கம்பனியைத் தொடங்கியவர் இக்குத்தாரோ கக்கேஹாஷி. அக்கம்பனி 1980இல் "ரி.ஆர். 808" என்னும் முரசுப் பெட்டியை வெளியிட்டது. உண்மை முரசின் ஒலியைப் பதிந்துவைத்து ஒலிக்கும் வேறு கருவிகள் அக்காலத்திலே வந்துகொண்டிருந்தன; அவற்றின் முன்னே இது விளையாட்டுப் பொருள்போல் ஒலித்தது. அதன் தனித்தன்மையான சீறலுக்குக் காரணம், பழுதென்று கழிக்கப்பட்ட திரான்சிஸ்டர்களைத் தாம் வேண்டுமென்றே வாங்கிச் சேர்த்ததுதான் என்று கக்கேஹாஷி முதுமையிலே வெளிப்படுத்தினார். கழிக்கப்பட்ட உறுப்புக்களின் வரவு நின்றதும் கருவியின் உற்பத்தியும் நின்றது.

"ரி.பி. 303" என்பது இன்னும் பரிதாபமானது. தனித்துக் கித்தார் பழகுவோனுக்குக் கீழ்ச்சுரம் வாசித்துத் துணை நிற்பதற்காகச் செய்த சிறு வெள்ளிநிறப் பெட்டி அது. கீழ்ச்சுரக் கித்தார்போல் அது ஒலிக்கவில்லை. சுரங்களை அதிலே பதிவதும் தலைவேதனை. 1984இல் உற்பத்தி நின்றது. பழைய பொருட் கடைகளிலே அற்ப விலைக்குக் கிடந்தது.

அற்ப விலைக்குக் கிடந்தமையினாலேயே அது வறிய இளைஞரின் கைக்கு எட்டிற்று. சிக்காகோவிலே மூன்று இளைஞர் அப்பெட்டியை வாங்கி, எவ்வாறு இயக்குவதென்று தெரியாமல் அதன் குமிழ்களைத் திருகிப் பார்த்தனர். கீழ்ச்சுரம் குழைந்து, கீச்சிட்டு, அழுவதுபோலும் சிரிப்பதுபோலும் ஓர் ஒலி எழுந்தது. அதனைப் பதிந்த நாடாவை றொன் ஹார்டி என்பவரிடம் கொடுத்தனர். நக்கிள்ஸ் 1982இல் வேறிடம் பெயர்ந்தபின் அந்நகரத்து இளைஞரை ஈர்த்த இசைத்தட்டுக்காரர் ஹார்டி. அவர் அதனை முதன்முறை போட்டபோது ஆடுவோர் தளத்தைவிட்டு நீங்கினராம். அவர் தளரவில்லை, அதே இரவிலே மீண்டும் மீண்டும் போட்டார். நான்காவது முறையிலே சனம் தன்னை மறந்து ஆடிற்று. "அசிட்" என்று அடைமொழி பெற்ற ஹவுஸ் இசை இவ்வாறு பிறந்தது. 1987இல் அது தட்டாக வந்தது.

அரங்கிலே இருக்கை காட்டிய வின்ஸ் லோறன்ஸ் என்னவானார்? தாம் விரும்பிய சின்தசைசரை வாங்கினார். 1984இல் ஜெசி சாண்டர்ஸ் என்பவருடன் சேர்ந்து "ஓன் அண்ட் ஓன்" என்ற தட்டை உருவாக்கினார். முதலாவது ஹவுஸ் தட்டு என்று பலர் குறிப்பிடுவது அதனையே. தட்டுக்கள் எரிந்த மைதானத்தின் கூலியிலிருந்து அடுத்த இசைக்கு முதல் கிடைத்தது என்பது கற்பனையன்று, நடந்த செய்தி.

அண்டை நகராகிய டெற்றோயிற்றிலே கதை வேறு உருவங் கொண்டது. மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாய் அடைபட்டுக்கொண்டிருந்த நகர் அது. அதன் புறத்தேயுள்ள பெல்வில் என்னும் ஊரிலே ஒரே பள்ளியிற் படித்த யுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்னும் மூவர், தந்தையரின் தலைமுறைக்கு வேலை கொடுத்துப் பின் பறித்துக்கொண்ட இயந்திரத்தையே இசைக்கருவியாக்கி "டெக்னோ"வைப் படைத்தனர்.

பம்பாயிலே பிறக்காமற்போன பிள்ளை

கருவிதான் இசையைப் பெற்றது என்போருக்கு நம் பக்கத்து நாட்டிலிருந்தே ஒரு சான்று உண்டு. சரண்ஜித் சிங் என்பவர் பம்பாயின் இந்தித் திரையிசைக் கூடங்களிலே பல ஆண்டு வாசித்தவர். 1982இல் அவர் அதே 808 முரசுப் பெட்டியையும் அதே 303 பெட்டியையும் கொண்டு, பத்து இந்துஸ்தானி இராகங்களை டிஸ்கோ அடியிலே வாசித்துப் பதிந்தார். பூபாலி, மால்கௌன்ஸ், யமன் ஆகியன அவற்றுட் சில. நம் செவிக்கு மோகனம், ஹிந்தோளம், கல்யாணி. அத்தொகுதியைக் கேட்கும்போது உடல் சிலிர்க்கின்றது. சிக்காகோவிலே ஐந்தாண்டு கழித்துத் தட்டாக வரப்போகும் அதே நெளிவும் குழைவும் அதிலே இருக்கின்றன. இராகத்தின் ஏறுநிரல் இறங்குநிரலை அச்சிறு பெட்டி வாய்தவறாது சொல்லிக்கொண்டு ஓடுகின்றது.

ஆனால், அது விலைபோகவில்லை. எவரும் பொருட்படுத்தாத தட்டாய் மறைந்துபோயிற்று. 2010இல் நெதர்லாந்திலிருந்து மறுபதிப்பாக வந்தபோதே உலகம் வியந்தது. முதுமையிலே ஐரோப்பிய மேடைகளில் அவர் அதனை மீண்டும் வாசித்தார், 2015இல் காலமானார்.

ஏன் பம்பாயிலே ஹவுஸ் பிறக்கவில்லை? கருவி இருந்தது, அடி இருந்தது, கற்றறிந்த வித்துவான் இருந்தார், சிக்காகோ இளைஞருக்கு இல்லாத இராக ஞானமும் இருந்தது. இல்லாதது ஒன்றே. அவ்விசையைத் தமதென்று எடுத்து இரவிரவாய் ஆட, அஃது இல்லாவிடின் வாழ்வு வறண்டுபோகும் என்று வேண்டிநிற்க ஒரு கூட்டம் அதற்கு வாய்க்கவில்லை. மாணவன் கேட்ட கேள்விக்கு விடையின் மறுபாதி இதுவாகும். பெட்டியை இசைக்க ஒரு மனிதர் போதும். அதை ஓர் இசை மரபாக்குவதற்கு மனிதர் பலர் வேண்டும்.

கடல் கடந்தபின்

பின்னர் நடந்தவை விரைந்து சொல்லத்தக்கன. 1987 ஜனவரியிலே சிக்காகோ ஹவுஸ் தட்டொன்று பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. 1988இன் கோடையிலே ஆங்கிலேய இளைஞர் கைவிடப்பட்ட பண்டகசாலைகளிலும் வயல்வெளிகளிலும் ஆயிரக்கணக்கிற் கூடி ஆடினர். போதைப்பொருளும் உடன் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று, அதனை மறைத்தற்கில்லை. 1994இலே பிரித்தானியப் பாராளுமன்றம் இத்தகைய கூட்டங்களைக் கலைக்கப் பொலிசாருக்கு அதிகாரம் வழங்கியது. திரும்பத் திரும்ப வரும் அடிகளாலான ஒலி என்று அச்சட்டத்திலே இசைக்கு ஓர் இலக்கணமும் எழுதினர். பேர்லின் சுவர் வீழ்ந்தபின், 1991இல், பாழடைந்த வணிகமனை ஒன்றின் நிலவறைப் பெட்டகத்திலே டெக்னோச் சாலை தொடங்கியது. சுவரின் இருபுறத்து இளைஞரும் அங்கே முதன்முறையாகத் தோளுரச ஆடினர். 2024இலே ஜேர்மனி தன் அருவ மரபுரிமைப் பட்டியலிலே பேர்லின் டெக்னோவையும் சேர்த்துக்கொண்டது.

இன்று இந்த இசை பெருவணிகம். விளையாட்டரங்குகளை நிரப்பி, ஓரிரவுக்குப் பெருந்தொகை வாங்கும் இசைத்தட்டுக்காரர் பலர். ஆதியிலே இதனைப் படைத்தோரில் பலருக்கு அதிலே ஒரு பங்கும் சேரவில்லை. எயிட்ஸ் நோய் பரவிய ஆண்டுகளிலே அந்தப் பழைய நடனசாலைகளில் ஆடிய எத்தனையோ பேர் மாண்டனர். அவர்களின் பெயரை எந்தத் தட்டிலும் காணமுடியாது.

ஹவுஸ் இசை டிஸ்கோ வாங்கிய பழி என்பது நக்கிள்சின் கூற்றாக வழங்குகின்றது. அது நகைச்சுவையாகச் சொன்னது போலும். வெடிவைத்தவருக்கு எதிராக எழுந்த இசையாக எனக்கு அது படவில்லை. பழிவாங்குபவன் எதிரியின் முகத்தை நோக்கியே நடப்பான். நக்கிள்சோ தம் முன்னே ஆடுவோரின் முகத்தை நோக்கியிருந்தார். போக்கிடமில்லாத மக்களுக்குச் சனிக்கிழமை இரவிலே ஓரிடம் வேண்டும் என்பதே அவருடைய கவலை. அக்கவலையிலிருந்தே ஒரு கலை பிறந்தது.

ஆதலால், பிள்ளைகளின் இசையை வெறும் இரைச்சல் என்று தள்ளும் பெரியோர், அந்த அடி யாருக்காக முதலில் விழுந்தது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நன்று. அந்த இசைக்கு ஆடும் பிள்ளைகளும், தாம் கேட்பது விளம்பரத்தோடு வந்த சரக்கன்று, கதவு மறுக்கப்பட்டவர் தமக்குத் திறந்துகொண்ட கதவு என்பதை அறிதல் நன்று. அறிந்தபின், தம் வகுப்பிலும் தெருவிலும் ஒதுங்கி நிற்பவன் ஒருவனைப் பார்க்கும் பார்வையும் சற்று மாறலாம்.

இசைத்தட்டுக்கள் எரிந்த கொமிஸ்கி அரங்கை 1991இல் இடித்துவிட்டனர். அந்நிலம் இன்று வாகனத் தரிப்பிடம். தெற்கு ஜெபர்சன் வீதியிலுள்ள பழைய பண்டகசாலையோ நிற்கின்றது. அவ்வீதியின் ஒரு பகுதிக்கு 2004இலே சிக்காகோ நகரம் பிராங்கி நக்கிள்சின் பெயரைச் சூட்டிற்று. 2014இல் அவர் காலமானார். 2023இலே அக்கட்டடம் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று.